பிள்ளைக் காம்பராவில் பயிற்சிக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

உயர்தரம் எழுதிவிட்டு முன்பள்ளிப் பயிற்சிக்கு வரும் தங்கச்சிமாரின் பையைப் பார்த்தாலே, இந்த வேலையை என்னவென்று நினைத்து வந்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். அ, ஆ எழுதிய அட்டை, சோக் பெட்டி, அடிமட்டம். நானும் அப்படித்தான் வந்தேன். வந்து நின்ற இடத்தில் ஏழு மாதக் குழந்தையொன்று தொட்டிலில் அழுதுகொண்டிருந்தது. இன்னொரு பிள்ளை மூக்குச் சளியோடு வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டது. ஆயம்மா என்னைப் பார்த்து, "மொதல்ல கையக் கழுவிட்டு வாம்மா" என்றார். என் பயிற்சி அந்தச் சொல்லில்தான் ஆரம்பித்தது.

ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் இந்த இடத்துக்குக் காகிதத்தில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். வாயில் வருவது இன்னும் பிள்ளைக் காம்பராதான். காலையில் அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தையை இங்கே விட்டுப் போவார். அதே கூரையின் கீழ் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு முன்பள்ளியும் நடக்கும். அதனால் டவுன் மொண்டிசோரியில் பயிலும் பிள்ளைக்கு வராத சில தவறுகள் நமக்கு வரும். பல வருடங்களாகப் புதியவர்களைப் பக்கத்தில் வைத்துப் பழக்குகிறேன். திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, துணி மாற்றுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் ஆயம்மாவின் வேலை, சொல்லிக் கொடுப்பது மட்டும் என் வேலை என்று பிரித்துக்கொள்வது. ஒரு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பாடம் என்று தனியாக ஒன்று கிடையாது. துணி மாற்றும் அந்த மூன்று நிமிடம்தான் பாடம். எங்கள் ஆயம்மா ஒருவர் ஈரத்துணியைக் கையில் எடுத்ததும் குழந்தையின் முகத்தைப் பார்த்து, "இப்ப காலத் தூக்கப் போறோம், சரியா? தண்ணி கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்" என்பார். சொல்லிவிட்டு ஒரு கணம் பொறுப்பார். சில வாரங்கள் போனதும், அவர் "காலத் தூக்க" என்று தொடங்கும்போதே குழந்தை காலைத் தானாகத் தூக்கியது. சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள தொடர்பை அது பிடித்துவிட்டது. அவரிடம் சான்றிதழ் எதுவும் கிடையாது. எனக்கோ சொல்லித் தந்தது அவர்தான். போன் பார்த்துக்கொண்டே, பேச்சில்லாமல் துணி மாற்றினால் துணி மட்டும்தான் மாறும்.

பாலூட்டும் நேரத்திலும் இப்படி ஒரு தவறு நடக்கும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்ட, வேலை நேரத்தில் தாய்க்கு 2 இடைவேளை தர வேண்டும் என்று இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் சட்டம் சொல்கிறது. வேலையிடத்தில் பிள்ளைகளை விட இடம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. அம்மா அந்த அரை மணி நேரத்துக்குள் மலையிலிருந்து இறங்கி, கைக்கறையைக் கழுவி, குழந்தையை மடியில் எடுக்க வேண்டும். வந்து பார்த்தால் குழந்தை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்குகிறது. அழுகிறதே என்று புதிய பயிலுநர் கால் மணி நேரம் முன்புதான் போத்தலைக் கொடுத்திருக்கிறார். மார்பு கட்டி வலியோடு அந்தத் தாய் திரும்ப மலை ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர் எத்தனை மணிக்கு வருவார் என்று காலையிலேயே கேட்டுச் சுவரில் எழுதிவையுங்கள். அந்த நேரம் நெருங்கினால் தோளில் போட்டு நடந்து, பாட்டுப் பாடிச் சமாளியுங்கள்.

முதல் 6 மாதமும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். அதற்கு மேலும் சாயத்தண்ணியில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுக்கும் பழக்கத்தைச் செய்யாதீர்கள். தேயிலை நம் வாழ்வுதான். ஆனால் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்வதை அது தடுக்கும். இங்கே இரத்தம் குறைந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை.

தூக்கத்தில் செய்யும் தவறு இவை எல்லாவற்றையும் விட ஆபத்தானது. குளிர் என்று கம்பளியை முகம் வரை இழுத்து மூடிவிடுகிறோம். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். தலையணை வேண்டாம், முகத்தின் பக்கம் எந்தத் துணியும் கிடக்கக் கூடாது. குளிருக்குச் சட்டையும் காலுறையும் கூடுதலாகப் போடுங்கள். தூங்கிவிட்டதே என்று அடுப்படிக்குப் போய்விடாமல் இடையிடையே மூச்சைப் பாருங்கள்.

விளையாட்டை நிறுத்திவிட்டு எழுத வைப்பது

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் முற்றத்தில் நாலரை வயதுப் பையன் ஒருவன் பழைய துணிப்பையின் வாரைத் தலையில் மாட்டிக்கொண்டு, புல்லைக் கிள்ளிக் கிள்ளிப் பின்னால் போட்டான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒரு சிறுமி தடி ஒன்றைத் தராசாகப் பிடித்தாள். "பதினாலு" என்றாள். "இல்ல, பதினெட்டு. ஏன் கொறைச்சீங்க?" என்று அவன் சண்டைக்குப் போனான். "கொழுந்துல தண்ணி இருக்கு, கழிச்சாச்சு" என்று அவள் கங்காணி மாதிரியே சொன்னாள். பயிற்சிக்கு வந்திருந்த தங்கச்சி ஓடிப்போய்ப் பையைப் பிடுங்கினார். "இதெல்லாம் ஒரு விளையாட்டா? வாங்க, வந்து அ எழுதுங்க."

அந்தத் தங்கச்சியின் கோபம் எனக்குப் புரிந்தது. அவருடைய அம்மாவும் மலைக்குப் போனவர்தான். நம்ம பிள்ளைகள் அந்தக் கூடையைத் தூக்கக் கூடாது என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் நடந்ததைப் பாருங்கள். எண்களை ஒப்பிட்டார்கள். கூட, குறைய என்று பேசினார்கள். ஏன் என்று கேட்டார்கள், காரணம் சொன்னார்கள். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு கதையை நகர்த்தினார்கள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கிள்ளும் அந்தப் பிடியில்தான் பிறகு பென்சில் நிற்கப்போகிறது. அதைக் கலைத்துவிட்டு அ எழுதச் சொன்னால் பிள்ளைக்கு அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

பெற்றோரின் நெருக்கடி உண்மையானது. "பக்கத்து டிவிஷன்ல எல்லாம் எழுதுதாம், இங்க புள்ள வெளையாடிட்டுத்தான் வருது" என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து மூன்று வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுதவைத்துக் கொப்பியை நிரப்பாதீர்கள். கொப்பியில் இருப்பது உங்கள் எழுத்து. 5 வயது முடிந்து முதலாம் தரத்துக்குப் போகும்போது எழுத்தைச் சொல்லித்தர அங்கே ஆசிரியர் இருக்கிறார். விரலுக்குப் பலமும், கதையைக் காது கொடுத்துக் கேட்கும் பொறுமையும், தனக்கு வேண்டியதைச் சொல்லத் துணிவும் உள்ள பிள்ளையை அனுப்பினால் போதும். களிமண், மணல், பைன் காய், துணி கட்டும் கிளிப் எல்லாம் கைக்கு வேலை தரும். ஒரு எச்சரிக்கை: தேயிலைக் காய், புளியங்கொட்டை போன்ற சின்னச் சாமான்களை மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இருக்கும் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். தொண்டையில் சிக்கிக்கொள்ளும். ஒரே மண்டபத்தில் எல்லா வயதும் இருப்பதால் நமக்கு இதில் இரட்டைக் கவனம் தேவை.

அப்புறம், பார்த்ததை எழுதும் விதம். அன்று அந்தத் தங்கச்சியின் அவதானிப்புக் கொப்பியில் இருந்தது ஒரே வரி: "பிள்ளைகள் மகிழ்ச்சியாக விளையாடினார்கள்." எல்லா நாளும் அதே வரி. எந்தப் பிள்ளையின் பெயரை மேலே போட்டாலும் பொருந்தும். மறுநாள் இருவரும் உட்கார்ந்து, நினைவிலிருந்ததை இப்படி மாற்றி எழுதினோம்:

"காலை 10.20, முற்றம். துணிப்பையைத் தலையில் மாட்டிப் புல்லைக் கிள்ளினான். இரண்டு விரலால் கிள்ளுகிறான். 14 என்று சொன்னபோது 18 என்று மறுத்தான். 18 கூடிய எண் என்று தெரிந்து சொன்னானா, வீட்டில் கேட்டதைச் சொன்னானா தெரியவில்லை. நாளை 3 கல், 5 கல் வைத்துப் பார்க்க வேண்டும்."

கண்ணால் கண்டது ஒரு பக்கம், நாம் ஊகிப்பது ஒரு பக்கம், நாளைக்கு என்ன செய்வது என்பது கடைசியில். இப்படி ஐந்து வரி எழுதினால் பிள்ளையைப் பற்றி நமக்கே ஒரு கேள்வி பிறக்கும். ஒரு நாளில் ஒரு பிள்ளை போதும். எல்லோரைப் பற்றியும் எழுதப் போனால் மறுபடி அந்த ஒற்றை வரிக்குத்தான் வந்து நிற்பீர்கள்.

வீட்டுப் பேச்சைத் திருத்துவது

"டீச்சர், அம்மா மலைக்குப் போயிருச்சு" என்று ஒரு பிள்ளை சொன்னது. "போயிருச்சு இல்லை, போய்விட்டார். சொல்லு பார்ப்போம்" என்றார் பயிலுநர். பிள்ளை வாயை மூடிக்கொண்டது. மறுநாளும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. பிள்ளை நம்மிடம் கொண்டுவந்தது ஒரு செய்தி. அநேகமாக ஒரு ஏக்கமும்கூட. நாம் வாங்கிக்கொண்டது வினைமுற்றை. "ஆமா, அம்மா மலைக்குப் போயிருக்காங்க. காலையில மழை பெஞ்சுச்சே, படங்கு கட்டிட்டுப் போனாங்களா?" என்று கேட்டிருந்தால் பேச்சும் வளர்ந்திருக்கும், மரியாதை வடிவமும் காதில் விழுந்திருக்கும். சிங்களமும் தமிழும் கலந்து பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் இதேதான். சொன்ன பொருளுக்குப் பதில் கொடுங்கள், சரியான வடிவம் உங்கள் வாயிலிருந்து வரட்டும்.

பயம் காட்டி அடக்குவதும் இதோடு சேர்ந்தது. "அழுதா மிட்வைஃப் மிஸ் வந்து ஊசி போடுவாங்க" என்று ஒரு நாள் சொன்னால் அந்த நேரம் அழுகை நிற்கும். பிறகு அவர் நிறை பார்க்க வரும்போது பிள்ளை கத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஓடும், தராசில் ஏறாது. நிறை குறைந்த பிள்ளையைக் கண்டுபிடித்துத் திரிபோஷா சத்துமா கொடுக்கும் வேலைக்கு நாமே குறுக்கே நிற்கிறோம். காலையில் பிள்ளை வேறு பக்கம் பார்க்கும்போது அம்மாவை நைசாக அனுப்பிவிடுவதும் அப்படித்தான். அன்றைக்கு அழுகை குறையலாம். அடுத்த நாளிலிருந்து பிள்ளை சேலையை விடாது. "அம்மா போயிட்டு வரேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகட்டும். அழுதால் நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள்.

சில விடயங்களில் யோசிக்கவே இடமில்லை. பின்னேரம் மூன்றாம் வகுப்பு அண்ணன் வந்து, "தம்பியக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றால் அனுப்பக் கூடாது. அந்த அண்ணனும் பிள்ளைதான். பதிவில் பெயர் உள்ள பெரியவர் வர வேண்டும். பிள்ளைகளின் படத்தை உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ முகநூலிலோ போடாதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். உடம்பில் காயம் கண்டாலோ, பிள்ளை மனதை உறுத்தும் எதையாவது சொன்னாலோ துருவிக் கேட்காதீர்கள். பிள்ளை சொன்ன அதே சொற்களை எழுதி, நேரத்தையும் போட்டு, அன்றே பொறுப்பான உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. அவசர அம்புலன்ஸுக்கு 1990. இரண்டையும் போனில் மட்டும் வைத்திருக்காமல் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். முற்றத்து மரத்தில் குளவிக்கூடு இருக்கிறதா என்று வாரம் ஒரு தடவையாவது அண்ணாந்து பாருங்கள்.

நைட்டா (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை) மாதிரி ஒரு நிறுவனத்தின் கீழ் பயிலுநராகச் சேர்ந்திருந்தால் நாட்குறிப்பும் இருக்கும். அதைக் கடைசி மாதம் ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்துக்கு நீட்டுகிறவர்கள் மதிப்பீட்டில் திணறுவார்கள். என்விகியூ என்ற தேசிய தொழில் தகைமைக்கான மதிப்பீட்டில் நீங்கள் என்ன செய்யக்கூடியவர் என்றுதான் பார்ப்பார்கள். "அழும் பிள்ளையை எப்படி ஆறுதல்படுத்துவீர்கள்?" என்று கேட்டால் புத்தக வரியை ஒப்பிக்கலாம், அல்லது மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நீங்கள் செய்ததைச் சொல்லலாம். நாட்குறிப்பில் எழுதியிருந்தால்தான் அது நினைவிருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பின்னேரம் பிள்ளையை ஒப்படைக்கும் இரண்டு நிமிடத்தைப் பலர் வீணாக்குகிறார்கள். அம்மா பகல் முழுக்க மலையில் நின்று, கால் வலியோடு வந்திருப்பார். "சாப்பிட்டான், தூங்குனான்" என்று பையை நீட்டினால் அவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். முதலில், அன்று கொப்பியில் எழுதியதில் ஒன்றைச் சொல்லுங்கள்: "இன்னைக்குக் கல்லு வச்சு விளையாடினோம்க்கா. மூணை விட அஞ்சு கூடன்னு அவனே சொல்லிட்டான்." பிறகு இருமல் இருந்ததா, எவ்வளவு பால் குடித்தது, எத்தனை தடவை வெளியே போனது என்று சொல்லுங்கள். நாளைக்கு மாற்றுச் சட்டை ஒன்று வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். அதை முதலில் சொன்னால் மற்றது காதில் விழாது.