விசிட்டர் விசாவில் வந்தவரோடு கல்யாணம்: அமெரிக்காவில் இருந்தபடியே கிரீன் கார்டுக்கு மனுப் போடும் முறை

பார்த்துவிட்டுப் போக வந்த துணையை அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, ஊருக்கு அனுப்பாமலே கிரீன் கார்டுக்கு மனுப் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 'அட்ஜஸ்ட்மென்ட் ஆஃப் ஸ்டேட்டஸ்' என்பது இதுதான்; பேச்சில் ஏஓஎஸ். வழி பழையதுதான், தவறினால் விழும் அடிதான் இப்போது பலம். மனு தள்ளுபடியாகும் நாளில் கையில் வேறு சட்டபூர்வ நிலை இல்லையென்றால், குடிவரவு நீதிமன்றத்துக்கு அழைக்கும் நோட்டீஸைக் கொடுக்க வேண்டும் என்று கிரீன் கார்டு மனுக்களைப் பார்க்கும் குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ் 2025 பிப்ரவரி 28-இல் கொள்கை வகுத்தது. 'போட்டுப் பார்ப்போம், திரும்பி வந்தால் இன்னொரு தரம் போடலாம்' என்ற தைரியம் இனி உதவாது. ஒரே தடவை, முழுசாக, ஐ-94 என்ற தங்கும் அனுமதிப் பதிவின் தேதி முடியும் முன் போட வேண்டும்.

பலர் பாஸ்போர்ட்டில் உள்ள பத்து வருட விசாவைப் பார்த்து நிம்மதியாக இருக்கிறார்கள். அது வாசல்வரை வருவதற்கான சீட்டு மட்டுமே. எத்தனை நாள் தங்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94. பி-2 என்ற விசிட்டர் விசாவுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம். எல்லையில் சோதிக்கும் துறையான சிபிபியின் இணையதளத்தில் இன்றே அதை இறக்கி அச்செடுங்கள். பெயரிலோ பாஸ்போர்ட் எண்ணிலோ ஓர் எழுத்து தவறி இருந்தாலும், விமான நிலையத்தில் இயங்கும் 'டிஃபர்டு இன்ஸ்பெக்‌ஷன்' அலுவலகத்தில் முதலில் திருத்திக்கொள்ளுங்கள்.

யாருக்கு இந்தக் கதவு திறக்கும், யாருக்குத் திறக்காது

குடிமக்களின் கணவன் அல்லது மனைவிக்கு வருடாந்தர ஒதுக்கீட்டு வரிசை கிடையாது. அதிகாரி முன் வந்து முறையாக அனுமதி பெற்று நுழைந்திருந்தால், இடையில் ஐ-94 காலாவதியாகியிருந்தாலும் சட்டம் மன்னிக்கிறது. ஆனால் சட்டம் மன்னிப்பது வேறு, அதிகாரிகள் சும்மா விடுவது வேறு. 2025 நவம்பரில் சான் டியேகோவில் நேர்காணலுக்கு வந்த, தங்கும் காலம் கடந்த சில துணைகளை அந்த அலுவலகத்திலேயே கைது செய்தார்கள். தேதிக்குள் போடுங்கள் என்று அடித்துச் சொல்வது இதனால்தான்.

ஸ்பான்சர் செய்பவர் கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்தால் கணக்கே வேறு. அது எஃப்2ஏ என்ற, வருடாந்தர ஒதுக்கீடு உள்ள வரிசை. மாதாமாதம் வரும் விசா புல்லட்டினில் தேதி வர வேண்டும், அதுவரை துணையின் விசா நிலை உயிரோடு இருக்க வேண்டும். ஆறு மாத பி-2-வை வைத்துக்கொண்டு இதை நம்பி உட்காரக் கூடாது. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் ஸ்பான்சர் செய்ய இந்த வழியே இல்லை, அவருடைய துணைக்கு எச்-4 என்ற சார்ந்தோர் விசாதான்.

கப்பலில் வேலை பார்த்து சி-1/டி விசாவில் மாலுமியாக நுழைந்தவர், குடிமகளைக் கட்டிக்கொண்டாலும் இங்கிருந்து மாற முடியாது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலுக்குப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கே-1 என்ற, நிச்சயிக்கப்பட்டவருக்கான விசாவில் வந்தவர், மனுப் போட்டு அழைத்தவரைத் தொண்ணூறு நாளுக்குள் மணந்தால்தான் ஏஓஎஸ் உண்டு. ஜே-1 பரிமாற்றத் திட்ட விசாவில் இருந்தவர்கள் 'இரண்டு வருடம் ஊரில் இருக்க வேண்டும்' என்ற 212(இ) நிபந்தனை உண்டா என்று பார்க்க வேண்டும். இந்த நிபந்தனைக்குக் காரணமாகும் நாடுவாரித் திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியா நீக்கப்பட்டது, ஆனால் மருத்துவப் பயிற்சிக்கு வந்தவர்களுக்கும் அரசு உதவித்தொகையில் வந்தவர்களுக்கும் நிபந்தனை இன்னும் நிற்கிறது.

லண்டன், பாரிஸ், சூரிச் தமிழர்கள் எஸ்டா என்ற, விசா இல்லாமல் வரும் அனுமதியில் வருவார்கள். அவர்களும் போடலாம். ஆனால் எஸ்டாவில் ஏறும்போதே, வெளியேற்றத்தை எதிர்த்து நீதிபதியிடம் வாதாடும் உரிமையை விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் தொண்ணூறு நாளைத் தாண்டவே கூடாது. டொராண்டோவிலிருந்து பஃபலோ வழியாகக் காரில் வருகிறவர்களுக்கு வேறொரு சிக்கல்: ஐ-94 போடாமலே கையசைத்து விட்டுவிடுவார்கள். 'அனுமதித்தார்கள்' என்று பிறகு நிரூபிக்க வேண்டியது உங்கள் பாடு. எல்லையிலேயே ஐ-94 கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் கடைசியில் கட்டணம் 30 டாலராக உயர்ந்தது.

வந்தபோது என்ன சொன்னார்?

பி-2-இல் வந்து கல்யாணம் செய்வது குற்றமல்ல. செய்துகொண்டு திரும்பிப் போகலாம். இங்கேயே தங்கிவிடும் எண்ணத்தை மனசில் வைத்துக்கொண்டு, 'சும்மா சுற்றிப்பார்க்க வந்தேன்' என்று அதிகாரியிடம் சொல்வதுதான் குற்றம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

'90 நாள் விதி' என்று எல்லோரும் சொல்வது வெளியுறவுத் துறை 2017-இல் தன் தூதரக அதிகாரிகளுக்கு எழுதிய வழிகாட்டுதல். நுழைந்து தொண்ணூறு நாளுக்குள் கல்யாணம் செய்து இங்கேயே குடியேறினால், உள்ளே வரும்போது பொய் சொன்னார் என்று ஊகிக்கலாம் என்கிறது அது. யுஎஸ்சிஐஎஸ்-ஐ அது கட்டுப்படுத்தாது. 91-ஆம் நாள் எல்லாம் சுத்தமாகிவிடும் என்பதும் உண்மையில்லை. முன்கூட்டிய எண்ணம் இருந்தது என்ற ஒரே காரணத்துக்காகக் குடிமக்களின் துணைக்கு மறுக்கக் கூடாது என்பது 1980-இன் கவாஸோஸ் தீர்ப்பு. ஆனால் வாய்விட்டுச் சொன்ன பொய்யை அந்தத் தீர்ப்பு காப்பாற்றாது. பொய் நிரூபணமானால் வாழ்நாள் தடை. ஐ-601 விலக்கு கேட்டுத்தான் மீள வேண்டும்.

ஆகவே, துணை இன்னும் விமானம் ஏறவில்லை, தங்கத்தான் வருகிறார் என்றால் பி-2 வேண்டாம். கே-1 அல்லது ஐ-130 என்ற, உறவினருக்கான மனுவைப் போட்டு மும்பையிலோ கொழும்பிலோ விசா நேர்காணலுக்குப் போகும் வழிதான் சரி. 'இந்தத் தரம் திரும்பி வரமாட்டேன்மா' என்று அம்மாவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப், விமான நிலையத்தில் போனை வாங்கிப் பார்க்கும் அதிகாரிக்கும் தெரியும். ஏற்கெனவே வந்துவிட்டு, வந்தபின் மனம் மாறியது என்றால் அதற்கான தடயங்களைப் பத்திரப்படுத்துங்கள்: திரும்பிப் போகப் போட்ட டிக்கெட், ஊரில் வேலைக்கு எடுத்திருந்த லீவுக் கடிதம், மண்டபம் பேசிய தேதி.

தாலியும் லைசென்ஸும்

கோயிலில் தாலி கட்டினால் மட்டும் இங்கே கல்யாணமாகாது. கவுண்டி கிளார்க்கிடம் மேரேஜ் லைசென்ஸ் எடுத்து, சடங்கை நடத்தியவர் அதில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். குருக்களுக்கு அந்த மாநிலத்தில் கையெழுத்திடும் தகுதி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். நியூயார்க் நகரத்தில் அவர் சிட்டி கிளார்க்கிடம் பதிவு செய்திருக்க வேண்டும். டெக்ஸாஸிலும் நியூஜெர்சியிலும் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும், நியூயார்க்கில் 24 மணி. கலிஃபோர்னியாவில் அன்றைக்கே முடிக்கலாம். முகூர்த்தத்துக்காகக் காத்திருந்து ஐ-94-ஐக் கோட்டை விடாதீர்கள். கிளார்க் அலுவலகத்தில் இப்போது முடித்துவிட்டு, மேளதாளத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம். அனுப்ப வேண்டியது சான்றளிக்கப்பட்ட பிரதியின் நகல். பூப்போட்ட அலங்காரச் சான்றிதழ் செல்லாது.

இன்னொன்று, தமிழ்நாட்டுக்காரர்கள் தவறாமல் சறுக்குகிற இடம். ஊரில் ஏற்கெனவே சடங்கோடு கல்யாணம் ஆகியிருந்தால், பதிவு செய்யாவிட்டாலும் அது சட்டப்படி கல்யாணம்தான். இந்துத் திருமணச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு சடங்கை ஏற்கிறது. 1967-இல் சேர்ந்த 7-ஏ சுயமரியாதைத் திருமணத்தையும் ஏற்கிறது. அதன்பின் விசாவுக்கு டிஎஸ்-160 நிரப்பும்போது 'சிங்கிள்' என்று போட்டுவிட்டு, இங்கே வந்து 'முதல் கல்யாணம்' என்று கிளார்க்கிடம் கையெழுத்திட்டால், ஃபேஸ்புக்கில் கிடக்கும் மணவறைப் படம் ஒன்றே போதும் எல்லாவற்றையும் கவிழ்க்க. அப்படி ஒரு முடிச்சு இருந்தால் மனுவுக்கு முன் வக்கீலைப் பாருங்கள்.

பெயரும் பிறப்புச் சான்றும்

இனிஷியல் வைக்கும் நம் வழக்கம் இங்கே பெரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் விசாவில் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதற்பெயர் தெரியாது) என்று விழும். விசா, ஐ-94, கல்யாணச் சான்று, படிவங்கள் நான்கிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். வேறு பெயர்கள் என்ற கட்டத்தில் அப்பா பெயரோடு வருவது, இனிஷியலோடு வருவது, பள்ளிச் சான்றில் உள்ளது எல்லாவற்றையும் போடுங்கள். பல மாநிலங்களில் மேரேஜ் லைசென்ஸிலேயே துணையின் சர்நேமை எடுத்துக்கொள்ளலாம். எஃப்என்யு-வை ஒழிக்க அது நல்ல வாய்ப்பு.

பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயர் எழுதாமலே விட்டிருப்பார்கள். நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பெயர் சேர்த்து வாங்கச் சொல்லி ஊரில் அண்ணனையோ மாமாவையோ இப்போதே ஓடவிடுங்கள். 1970 ஏப்ரலுக்கு முன் பிறந்து பதிவே இல்லாதவர்கள், 'கிடைக்கவில்லை' என்ற சான்றோடு பள்ளிச் சான்றும், பிறப்பை அறிந்த இருவரின் வாக்குமூலமும் வைக்க வேண்டும். தமிழில் மட்டும் இருக்கும் காகிதத்துக்கு முழு மொழிபெயர்ப்பும், 'எனக்கு இரு மொழியும் தெரியும், இது சரி' என்ற மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்தும் வேண்டும். நோட்டரி தேவையில்லை. கணவனோ மனைவியோ மொழிபெயர்க்காமல் வேறொருவர் செய்வது நல்லது.

கட்டு, காசு

ஒரே கட்டாகப் போவது: ஐ-130, ஐ-130ஏ (துணையின் விவரம்), ஐ-485 (கிரீன் கார்டு மனு), ஐ-864 (ஸ்பான்சரின் ஆதரவு உறுதிமொழி), ஐ-693 (மருத்துவச் சோதனை), கூடவே வேலை அனுமதிக்கு ஐ-765, பயண அனுமதிக்கு ஐ-131. 2024 ஏப்ரல் 1 முதல் கட்டணம் முறையே ஐ-130-க்கு 675, ஐ-485-க்கு 1,440, ஐ-765-க்கு 260, ஐ-131-க்கு 630 டாலர், ஆக 3,005. காசோலை, மணி ஆர்டர் 2025 அக்டோபர் 28-க்குப் பிறகு செல்லாது. கார்டில் கட்ட ஜி-1450 படிவம், வங்கிக் கணக்கிலிருந்து கட்ட ஜி-1650. ஒவ்வொரு மனுப் படிவத்துக்கும் தனித்தனிக் கட்டணத் தாள் வேண்டும். கூட்டித் தொகையாக ஒன்றே வைத்தால் கட்டு திரும்பி வரும். கார்டு கம்பெனி மோசடி என்று சந்தேகித்துப் பணத்தைத் தடுத்தாலும் அதே கதி, அதற்குள் ஐ-94 முடிந்துவிடலாம். அனுப்பும் முன் வங்கிக்கு ஒரு போன் போடுங்கள்.

படிவத்தின் கீழ் மூலையில் பதிப்புத் தேதி இருக்கும். தபாலில் போடும் அன்று காலை இணையதளத்தில் அதையும் கட்டணத்தையும் லாக்பாக்ஸ் (மனுவை அனுப்ப வேண்டிய மையம்) முகவரியையும் ஒத்துப்பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். கையெழுத்து பேனாவால், தட்டச்சு செய்த பெயர் செல்லாது.

ஐ-693 என்பது மருத்துவச் சோதனை. 2024 டிசம்பர் 2 முதல் ஐ-485-ஓடு சேர்த்தே வைக்க வேண்டும், பிறகு தருகிறேன் என்றால் எடுக்கமாட்டார்கள். யுஎஸ்சிஐஎஸ் பட்டியலில் உள்ள 'சிவில் சர்ஜன்' மட்டுமே செய்ய முடியும். நம்மூர்க்காரர்களுக்குக் காசநோய் ரத்தச் சோதனை பாசிட்டிவ் வருவது சகஜம். சிறுவயதில் போட்ட பிசிஜி ஊசி இந்தச் சோதனையைப் பாதிக்காது, உடலில் கிருமி அடங்கிக் கிடக்கிறது என்றுதான் பொருள். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் மனுவுக்குத் தடையில்லை, ஆனால் இரண்டு மூன்று வாரம் கூடுதலாகப் பிடிக்கும். அதனால் கல்யாணம் முடிந்ததும் முதல் வேலை டாக்டர் அப்பாயின்ட்மென்ட். ஒட்டிய உறையைப் பிரிக்காதீர்கள்.

ஐ-864-இல் ஸ்பான்சரின் வருமானம் வறுமைக் கோட்டின் 125 விழுக்காடு இருக்க வேண்டும். இருவர் குடும்பத்துக்கு 2025 கணக்கில் அது 26,437 டாலராக இருந்தது. சொந்தத் தொழில் செய்பவர் மொத்த வரவைக் காட்டிவிட்டு மாட்டிக்கொள்வார்; வரிப் படிவத்தில் செலவு கழித்து வந்த தொகைதான் கணக்கு. பற்றாக்குறைக்குச் சேமிப்பைக் காட்டினால், குறைகிற தொகையைப் போல மூன்று மடங்கு வேண்டும். சித்தப்பாவைக் கூட்டு ஸ்பான்சராகக் கேட்கும் முன் அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்: விவாகரத்தானாலும் இந்தப் பொறுப்பு தீராது.

காத்திருக்கும் காலம்

ரசீதுகள் ஐ-797சி வந்ததும் நகலெடுத்து, துணை எப்போதும் கையில் வைத்திருக்கட்டும், ஐ-94 அச்சோடு. வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் போட வேண்டும். பயண அனுமதி கைக்கு வராமல் நாட்டை விட்டு வெளியே போனால் மனு கைவிடப்பட்டதாகிவிடும். ஊரில் பாட்டி தவறிவிட்டார் என்றாலும் அதே விதிதான். அவசர அனுமதி கேட்டு வாங்கிய பிறகே ஏற வேண்டும். அனுமதி இருந்தாலும், திரும்ப உள்ளே விடுவது எல்லை அதிகாரியின் கையில். இந்தக் காலத்தில் போகாமல் இருப்பதே மேல்.

வேலை அனுமதி வரும்வரை மளிகைக் கடையில் கைக்காசுக்குக்கூட நிற்க வேண்டாம். எவ்வளவு அவசரம் என்றாலும் வேலைக்கான ஐ-9 படிவத்தில் 'குடிமகன்' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிடாதீர்கள். அந்தப் பொய்க்கு விலக்கே கிடையாது. 2025 டிசம்பர் 5 முதல் ஏஓஎஸ்காரர்களுக்கு வேலை அனுமதி அட்டை அதிகபட்சம் 18 மாதம்தான், புதுப்பிக்கும்போது தானாக நீளும் சலுகையும் போய்விட்டது. முடிவதற்கு 180 நாள் முன்பே புதுப்பிக்கக் கொடுங்கள்.

நேர்காணல்

கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் வீட்டு வாடகை ஒப்பந்தம், கார் காப்பீடு, ஆயுள் காப்பீட்டில் வாரிசு, சேர்த்துக் கட்டிய வரி: கணக்கில் மாதாமாதம் பணம் புழங்க வேண்டும், நூறு டாலர் போட்டு மூடி வைத்தது எடுபடாது. ஆயிரம் படம் உள்ள கல்யாண ஆல்பம் வேண்டாம். தேதி, இடம், யார் யார் என்று கீழே எழுதிய இருபது படம் போதும், இரு குடும்பமும் தெரிகிற மாதிரி. கேள்விகள் எளிமையானவை: எப்படிச் சந்தித்தீர்கள், யார் எந்தப் பக்கம் படுப்பீர்கள், கடைசியாக மாமியாரிடம் எப்போது பேசினீர்கள். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லலாம்; இருவரும் மனப்பாடம் செய்து வந்ததுதான் அதிகாரியின் கண்ணில் உறுத்தும். ஐ-94 கடந்திருந்தாலோ, பழைய கைது, வெளியேற்ற உத்தரவு எதுவும் இருந்தாலோ வக்கீல் இல்லாமல் அந்தக் கட்டடத்துக்குள் போகாதீர்கள். 'கன்சல்டன்ட்' என்று போர்டு மாட்டியவர் வக்கீல் அல்ல.

ஒப்புதல் கிடைக்கும் அன்று கல்யாணமாகி இரண்டு வருடம் நிறையவில்லை என்றால் வருவது இரண்டு வருட நிபந்தனை அட்டை. அது முடிவதற்கு முந்தைய தொண்ணூறு நாளுக்குள் இருவரும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 போட வேண்டும். ஒரு நாள் முன்னால் போட்டாலும் திருப்பி அனுப்புவார்கள். அட்டை வந்த அன்றே அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, வங்கி அறிக்கைகளை மாதாமாதம் ஒரு கோப்பில் போட்டுவாருங்கள்.