குரலைத் தண்ணீரில் வரைய

பாடும் குரலின் அதிர்வால் தண்ணீரில் கோலம் எழச் செய்யலாம். 6 அங்குல வூஃபரை (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) மேல்நோக்கிக் கிடத்துங்கள். அதன் அதிரும் கூம்பின் நடுமூடியில் 10 செ.மீ. அகலமுள்ள, எடை குறைந்த கறுப்புக் கிண்ணத்தை ஒட்டி, 5 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். கூம்பு காகிதமானால் முதலில் அதைப் பாலிதீன் தாளால் மூடிவிட வேண்டும், நனைந்தால் வீண். 20 வாட் ஆம்ப்ளிஃபயர் தாராளம்.

முதலில் போனில் டோன் ஜெனரேட்டர் (வேண்டிய அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும்) செயலியால் 40 ஹெர்ட்ஸ் கொடுத்து, ஒலியை மெல்லக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் சட்டென்று கோலம் எழும். அலைகளுக்கு இடையே ஏறத்தாழ 12 மி.மீ. இருக்கும், 100 ஹெர்ட்ஸில் 6 மி.மீ. ஆகச் சுருங்கும். கொடுக்கும் அதிர்வில் பாதி வேகத்தில்தான் தண்ணீர் ஆடும். 1831-இல் ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே கண்டது இது.

பிறகு போனுக்குப் பதில் மைக். வூஃபரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் ஊளையிடும். 'ஊ' என்றோ வாய்மூடி 'ம்' என்றோ தாழ்ந்த சுருதியில் இழுத்துப் பாடினால் உரு நன்றாக நிற்கும். 'ஸ்' எதையும் அசைக்காது.

கோலம் ஒருபக்கம் சாய்ந்தால் கிண்ணம் மட்டமாக இல்லை. துளிகள் தெறித்தால் ஒலி அதிகம். ஒன்றுமே தெரியாவிட்டால் பெரும்பாலும் வெளிச்சம்தான் குற்றவாளி: வளைய எல்.இ.டி. விளக்கை நேர்மேலே தொங்கவிட்டு, அதன் நடுவழியே பாருங்கள்.