பட்டியலில் பெயர் இருந்தால் திருடனா?

போன வாரம் இரண்டு இளைஞர்கள் போனும் கையுமாக வந்தார்கள். “அண்ணே, பி.எம். கிசான் பட்டியலை எடுத்துட்டோம். நம்ம ஊர்ல பாதிப் பேரு டூப்ளிகேட்டு!” நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கு மத்திய அரசு கொடுக்கிற பணத்துக்கான பட்டியல் அது. எனக்கு அடிவயிறு கலங்கியது. இதே வேகத்தில் ஒரு காலத்தில் நானும் கிளம்பியவன்தான். அப்படிக் கிளம்பும்போது செய்கிற தப்புகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

பெயரைப் பார்த்ததும் பாய்வது

2020-இல் தமிழ்நாட்டில் தகுதியில்லாதவர்கள் லட்சக்கணக்கில் இந்தத் திட்டத்தில் நுழைந்து, சிபிசிஐடி விசாரணை வரை போனது. அந்தச் சூட்டில், அடுத்த வருடம் அக்டோபர் 2 கிராம சபையில் பட்டியலை உரக்க வாசித்தேன். ஒரு பெயர் வந்ததும் நிறுத்தி, “பென்ஷன் வாங்குற வாத்தியாருக்கு விவசாயி பணமா?” என்று கேட்டேன். மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு இதில் இடமில்லை. விதியைச் சரியாகத்தான் படித்திருந்தேன். ஆளைத்தான் தப்பாகப் பிடித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் வாத்தியார் பாஸ்புக்கோடு வந்து என் வீட்டுத் திண்ணையில் விரித்து வைத்தார். ஒரு தவணைகூட ஏறவில்லை. பட்டியலில் இருந்தவர் கண்மாய்க்கு அந்தப் பக்கம் அறுபது சென்ட் வைத்திருக்கும் இன்னொருவர். பெயர் ஒன்று. அந்த மனுசன் பயந்துபோய், தானாகவே அலுவலகத்துக்குப் போய் “எனக்குப் பணமே வேணாம்” என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வருடத்துக்கு 6,000 ரூபாய், உரிமையுள்ள பணம், என் வாயால் போனது. நிஜமாகவே தகுதியில்லாமல் வாங்கிய இரண்டு பேர் அன்றைக்குப் பின்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான்.

செட்டிநாட்டில் இந்தத் தப்பு எளிதாக நடக்கும். ஐயனார் பெயரும் தாத்தா பெயரும் வைத்து வைத்து, ஒரே தெருவில் நாலு கருப்பையா, மூணு சிதம்பரம். இணையத்தில் வரும் ஊர்ப் பட்டியலில் பெயரும் ஆணா பெண்ணா என்பதும்தான் இருக்கும். தந்தை பெயர் கிடையாது. அதனால் சந்தேகம் வந்தால் முதலில் நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவைப் பாருங்கள். அதில் தந்தை பெயரோ கணவர் பெயரோ இருக்கும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் பங்காளிகள் எல்லார் பெயரும் வரும், காலமானவர்கூட நிற்பார். அப்புறம் ஆளிடமே போய்க் கேளுங்கள். அதுவரை வாயைத் திறக்காதீர்கள்.

“ஏன் கொடுத்தீர்கள்?” என்று மனு எழுதுவது

தகவல் உரிமைச் சட்டத்தில் ஆவணத்தைத்தான் கேட்கலாம், விளக்கத்தை அல்ல. மானியத் திட்டங்களின் தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் அலுவலகமே முன்வந்து வெளியிட வேண்டும் என்று 2005-ஆம் வருடச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவு சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு, ஒரு ஊர், ஒரு திட்டம், ஒரு வருடம் என்று கேளுங்கள். பத்து வருடக் கணக்கை மொத்தமாகக் கேட்டால், மலைபோல் வேலை என்று தட்டிக் கழிக்க நீங்களே வழி செய்து கொடுக்கிறீர்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

ஸ்டாம்பை மறப்பது

மனுவுக்கான கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் பத்து ரூபாய்தான். ஒட்டுங்கள்.

“பத்து ஏக்கர்காரருக்கு எப்படி?”

ஐந்து ஏக்கர் வரம்பை 2019-லேயே எடுத்துவிட்டார்கள்.

உழுகிறவர் பெயர் இல்லையே என்று சண்டை போடுவது

விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுகிறவர் காலையிலிருந்து வயலில் நிற்பார். பட்டா சென்னையில் இருக்கிற நிலச் சொந்தக்காரர் பெயரில் இருக்கும். நிலம் யார் பெயரிலோ அவருக்குத்தான் இந்தப் பணம். திட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. இதற்கு வேளாண் அலுவலகக் கவுண்டரில் இருக்கிற பையனைத் திட்டிப் பிரயோசனமில்லை.