சங்கக் கூட்டத்தில் பேசிய விலை: கம்பெனி வக்கீல்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளில் சட்டப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர்களிடம் போட்டியாளர்கள் கூடி விலை பேசுவதைத் தடுக்கும் போட்டிச் சட்டம் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் பெரிய சிமென்ட் கம்பெனிகளுக்கு. நம்ம ஒப்பந்தம் எல்லாம் சுத்தமா இருக்கு" என்பார்கள். இந்த ஒரு பதிலிலேயே இரண்டு தவறுகள் இருக்கின்றன.

முதலாவது, அளவு. ஒரு கம்பெனியை வாங்கும்போது, வாங்கப்படும் கம்பெனியின் சொத்து 450 கோடி ரூபாய்க்குள்ளோ விற்றுமுதல் 1,250 கோடிக்குள்ளோ இருந்தால், பொதுவாக இந்தியப் போட்டி ஆணையத்திடம் முன்அனுமதி தேவையில்லை. இந்தச் சலுகை கம்பெனி வாங்குவது, இணைப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான். போட்டியாளர்கள் கூடி விலை பேசுவதைத் தடுக்கும் 3ஆம் பிரிவுக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது. நான்கு தொழிற்சாலைகள் பேசி வைத்துக்கொண்டாலும் அது கூட்டுச்சதிதான்.

இரண்டாவது, ஒப்பந்தம். 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டப்படி ஒப்பந்தம் என்றால் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. வாய்ப்பேச்சு, புரிதல், சேர்ந்து செயல்படுவது எல்லாமே ஒப்பந்தம்தான். அதனால் ஃபைலை மட்டும் புரட்டுகிற வக்கீலின் கண்ணில் ஒன்றும் படாது. இலை கொள்முதல் செய்கிறவரும் ஏலத்துக்குப் போகிறவரும் யாரோடு பேசுகிறார்கள் என்பது தெரிந்தால்தான் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரியும்.

நீலகிரியில் அதிகம் கவனிக்க வேண்டியது கொள்முதல் விலை. விற்கும் விலையைக் கூட்டிப் பேசுவது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். வாங்கும் விலையைக் குறைத்துப் பேசுவதும் அதே 3(3) பிரிவில் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி வருவதாக வைத்துக்கொள்வோம்: "நாளையிலிருந்து கிலோவுக்கு 2 ரூபாய் குறைச்சுக்கலாம், எல்லாரும் ஓகேவா?" கீழே வரிசையாகக் கட்டைவிரல் குறிகள். உங்கள் இலை அதிகாரி ஒன்றும் எழுதவில்லை. ஆனால் மறுநாள் அவரும் 2 ரூபாய் குறைக்கிறார். விசாரணைக்கு இது போதுமான தொடக்கம். "நான் பதிலே போடலையே" என்பது அங்கே எடுபடுவது கஷ்டம். இது மாதிரி செய்தி வந்தால் உடனே எழுத்தில் மறுத்துவிட்டு, குழுவிலிருந்து வெளியேறி, சட்டப் பிரிவுக்குத் தகவல் சொல்ல வேண்டும். இதை இலை அதிகாரிக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது வக்கீலின் வேலை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அரை ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி பறித்த பசுந்தேயிலையை, விலை ஏறட்டும் என்று மறுநாள் வரை மூட்டையிலேயே வைத்திருக்க முடியாது, வெந்து கெட்டுப்போகும். அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகள் எல்லாம் ஒரே விலை சொன்னால் அவருக்குப் போக வேறு இடமில்லை. சிண்டிகேட் போட்டுவிட்டார்கள் என்று விவசாயிகள் குமுறுவதன் பின்னால் உள்ள வலி இதுதான்.

"தேயிலை வாரியமே மாதாமாதம் விலை அறிவிக்கிறதே, நாங்கள் அதைத்தானே கொடுக்கிறோம்?" என்று கேட்பார்கள். வாரியம் சொல்வது குறைந்தபட்ச விலை. அதைக் கொடுப்பதில் ஒரு தப்பும் இல்லை. அதற்கு மேல் யாரும் கொடுக்கக் கூடாது என்று தொழிற்சாலைகள் தமக்குள் பேசி வைப்பதுதான் குற்றம். அரசு விலையில் தலையிடுகிறது என்ற வாதம் கம்பெனிகளைக் காப்பாற்றாது என்பதற்கு, பீர் கம்பெனிகள் கூடி விலை பேசிய வழக்கே சாட்சி. மாநில அரசுகள்தான் விலைக்கு ஒப்புதல் தருகின்றன என்று சொல்லிப் பார்த்தார்கள், ஆணையம் ஏற்கவில்லை. 2021 செப்டம்பரில் யுனைடெட் புரூவரீஸுக்குச் சுமார் 752 கோடி, கார்ல்ஸ்பெர்க்குக்குச் சுமார் 121 கோடி அபராதம். அதில் அவர்களுடைய தொழில் சங்கமும் மாட்டியது.

சங்கக் கூட்டம் நடத்துவது தப்பில்லை. மின்கட்டணம், கலப்படத் தேயிலை, தரம், வாரியத்தின் புது விதிகள் எல்லாம் தாராளமாகப் பேசலாம். விலை, யார் எந்த ஊரில் இலை எடுப்பது, எந்த ஏஜென்ட்டை ஒதுக்குவது என்று பேச்சு திரும்பினால் எழுந்து வர வேண்டும். வெளியேறிய நேரத்தையும் காரணத்தையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்ல வேண்டும். அவர்கள் எழுதாவிட்டால் அன்றைக்கே நீங்கள் மெயில் போட வேண்டும். டீ இடைவேளையில் நடக்கும் பேச்சுக்கும் இதே விதிதான். 2023 திருத்தத்துக்குப் பிறகு, அதே தொழிலில் இல்லாதவரும் சதிக்குத் துணைபோனால் அதில் பங்காளியாகக் கருதப்படுவார். சங்கச் செயலாளர், பல தொழிற்சாலைகளுக்கு இலை சேர்த்துத் தரும் ஏஜென்ட் எல்லோருக்கும் இதைச் சொல்லிவைப்பது நல்லது. சீசன் கட்டணத்தைக் கூடிப் பேசும் ஊட்டி, கொடைக்கானல் ஓட்டல்காரர்களுக்கும் சட்டம் இதேதான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பயந்துபோய், குன்னூர் ஏல விலையைப் பார்க்கவே கூடாது என்று ஊழியர்களுக்கு உத்தரவு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியான விலையைப் பார்த்துத் தானாக முடிவெடுப்பது போட்டிதான். விலை ஒரே மாதிரி இருப்பது மட்டுமே சதிக்கு ஆதாரமாகாது என்று 2018இல் ராஜஸ்தான் சிலிண்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏலத்தில் "இந்த லாட் உனக்கு, அந்த லாட் எனக்கு" என்று பிரித்துக்கொள்வது வேறு, அதற்கு மன்னிப்பில்லை.

அபராதக் கணக்கையும் குறைத்து எடைபோடுகிறார்கள். கூட்டுச்சதிக்கு, அது நடந்த ஒவ்வொரு ஆண்டுக்கும் லாபத்தின் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை விதிக்கலாம். 2024 மார்ச்சிலிருந்து அந்த உச்சவரம்புக்கு கம்பெனியின் தேயிலை வருமானம் மட்டுமல்ல, எல்லாத் தொழில்களிலும் உலகம் முழுக்க வரும் விற்றுமுதல் கணக்கு. பொறுப்பில் இருந்த அதிகாரிகள் தங்கள் சொந்த வருமானத்திலிருந்தும் கட்ட வேண்டிவரலாம்.

சரி, தப்பு நடந்துவிட்டது என்று தெரிகிறது. அப்போது பலர் உள்விசாரணை என்று மாதக்கணக்கில் இழுக்கிறார்கள். இங்கே வரிசை முக்கியம். ஆணையத்திடம் முதலில் போய் முழு விவரம் தந்தவருக்கு 100 சதவீதம் வரை அபராதக் குறைப்பு. இரண்டாமவருக்கு 50 வரை, மூன்றாமவருக்கு 30 வரை. பீர் வழக்கில் முதலில் போய்ச் சொன்ன ஏபி இன்பெவ் கம்பெனி ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. "அப்புறம் சமரசம் பேசிக்கலாம்" என்றும் இருந்துவிடக் கூடாது; 2023இல் வந்த சமரச வழி கூட்டுச்சதி வழக்குகளுக்குக் கிடையாது.

விசாரணைக்குழு வாரண்ட்டோடு வாசலுக்கு வந்தால், கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் யாருக்கு முதலில் போன் செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வக்கீல் வரும்வரை அவர்களை வெளியே நிறுத்திவைக்கக் கூடாது. போனில் எதையும் அழிக்கக் கூடாது. பொய்யான தகவல் தந்தால் அதற்குத் தனி அபராதம் இருக்கிறது. இன்னொன்று, நீங்களே எழுதிய குறிப்புகள். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் கம்பெனி வக்கீலுக்கு, வழக்கறிஞர்களுக்கு பாரதிய சாட்சிய சட்டத்தின் 132ஆம் பிரிவு தரும் ரகசியப் பாதுகாப்பு கிடையாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 134ஆம் பிரிவில் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு, அவ்வளவுதான். அதனால் "நம் ஆட்கள் விலை பேசியிருப்பது போலத் தெரிகிறது" என்று நிர்வாகத்துக்கு மெயில் தட்டுவதற்கு முன்னால், வெளியே பிராக்டிஸ் செய்யும் வழக்கறிஞரை அமர்த்தி, விசாரணையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.