‘பத்மாவத்’ படத்தைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்க்காமலே தீர்ப்புச் சொல்வதுதான் முதல் தவறு. 2017-இல் ஜெய்ப்பூர் ஜெய்கர் கோட்டையில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது ஒரு கும்பல் உள்ளே புகுந்து இயக்குநர் சஞ்சய் லீலா பன்சாலியை அடித்தது. படத்தில் ராஜஸ்தானின் சித்தூர் அரசி பத்மாவதியும் அந்தக் கோட்டையை முற்றுகையிட்ட டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியும் நெருக்கமாக இருக்கும் கனவுக் காட்சி வருகிறது என்ற வதந்திதான் காரணம். 2018 ஜனவரியில் படம் வந்தது. அப்படி ஒரு காட்சியே இல்லை.

அடுத்தது, காவியத்தை வரலாறு என்று நம்புவது. சித்தூர் முற்றுகை 1303-இல் நடந்தது உண்மை. ஆனால் கவிஞர் மாலிக் முகமது ஜாயசி பத்மாவதியின் கதையைக் காவியமாக அவதி மொழியில் எழுதியது 1540 வாக்கில். முற்றுகையின்போது கில்ஜியோடு இருந்த கவிஞர் அமீர் குஸ்ரோ பத்மாவதியின் பெயரைக் குறிப்பிடவே இல்லை. ஜாயசியின் கதையில்கூட பத்மாவதியின் கணவன், அரசன் ரத்தன்சென் சாவது தேவபால் என்ற இன்னொரு ராஜபுத்திர அரசனோடு போட்ட சண்டையில். படத்திலோ கில்ஜியின் ஆட்கள் முதுகில் அம்பு எய்து கொல்கிறார்கள். இந்த மாற்றத்தால் பழி முழுவதும் ஒரே பக்கம் போய்ச் சேருகிறது.

சரி, கற்பனைதானே, அதில் என்ன நியாயம் அநியாயம் என்று கேட்பதும் தவறுதான். என்னைப் பொறுத்தவரை பெரிய தவறே இதுதான். கடைசிக் காட்சியைக் கவனியுங்கள். சித்தூர் தோற்றதும், கில்ஜியின் படையிடம் சிக்காமல் உயிரை விட, சிவப்பு உடுத்திய பெண்கள் கூட்டமாக நெருப்பை நோக்கி நடக்கிறார்கள். அவர்களில் ஒரு கர்ப்பிணியும் இருக்கிறார். இசை ஓங்குகிறது, கேமரா வேகம் குறைகிறது, எல்லாம் திருவிழாபோல அழகாக இருக்கிறது. எரியப்போகும் உடம்பின் பயமோ வலியோ எங்கேயும் இல்லை. சித்தூரில் அன்று அதைப் பெருமையாக நினைத்திருப்பார்கள் என்பது இதற்குப் பதில் ஆகாது. அந்தக் காட்சிக்குச் சட்டகம் வைத்தவர்கள் நம் காலத்தவர்கள். அதே ராஜஸ்தானில், தேவராலா கிராமத்தில், 1987-இல் 18 வயதுப் பெண் ஒருத்தி கணவனின் சிதையில் எரிந்தாள். சதியை, அதாவது உடன்கட்டை ஏறுவதை, போற்றுவதே குற்றம் என்று சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். படம் சதியை ஆதரிக்கவில்லை என்று தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது. அத்தனை நிமிடம் மனதில் பதிந்த காட்சியை அந்த வரியால் அழிக்க முடியாது.

கடைசியாக, தடையையும் விமர்சனத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ராஜஸ்தான், குஜராத் அரசுகள் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது சரியான முடிவு. படம் ஓட வேண்டும். அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றிக் கடுமையாகப் பேசவும் வேண்டும். அப்படிப் பேசுபவரை அந்தக் கும்பலோடு சேர்த்துவிடாதீர்கள்.