512 முகவரிதான் கிடைக்கும்: சின்ன ஐஎஸ்பி நடத்துபவர்கள் ஐபி வாங்குவதும் பங்கு போடுவதும்

கேபிள் டிவி நடத்தியவர்கள் பலர் இப்போது ஃபைபர் இழுத்து இணைய இணைப்பும் கொடுக்கும் ஐஎஸ்பி ஆகிவிட்டார்கள். லைசென்ஸ், ஓஎல்டி (பல வீட்டு ஃபைபர் வந்து சேரும் பெட்டி), கம்பத்து வாடகை எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர்கள்கூட, இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி என்று வந்தால் "அது மேல பேண்ட்வித் தர்ற கம்பெனியே குடுத்துரும்ணே" என்று விட்டுவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் விட்டோம். அப்ஸ்ட்ரீம், அதாவது அந்த மேல் கம்பெனி, கொடுத்த 64 முகவரியில் மூன்று வருடம் ஓட்டிவிட்டு, கொஞ்சம் மலிவாகக் கிடைத்த வேறு கம்பெனிக்கு மாறினோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு நகைக்கடை அண்ணாச்சி போன் போட்டார்: "தம்பி, வீட்டுல இருந்து பார்த்தா கடை கேமரா தெரியலயே." பழைய கம்பெனி தந்த முகவரி அவர்களுடையது, மாறினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அண்ணாச்சி மாதிரி ஸ்டாட்டிக் ஐபி (மாறாத தனி முகவரி) வாங்கியிருந்த நாற்பது கடைக்கும் ஏறி இறங்கி கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆரில் எண்ணை மாற்ற ஒரு வாரம் ஆனது.

அதனால் சொந்தமாக வாங்குங்கள். யாரிடம்? இன்றும் பரவலாகப் புழங்கும் பழைய வகை முகவரிக்கு ஐபிவி4 என்று பெயர். அதில் உலகத்துக்கெல்லாம் மொத்த இருப்பு வைத்திருந்தது ஐயானா என்ற அமைப்பு. அது கடைசியாகக் கையில் இருந்ததை 2011 பிப்ரவரி 3 அன்று ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கையை உதறியது. நம் வட்டாரத்துக்கு ஏப்னிக், பிரிஸ்பேனில் இருக்கிறது. அதற்குக் கீழே இந்தியாவுக்கென்று நிக்சி என்ற அமைப்பு நடத்தும் ஐரின் பதிவகம். ரூபாயில் கட்டணம், இங்கத்திய காகிதங்கள் என்று சின்ன கம்பெனிக்கு ஐரின்தான் வசதி.

எவ்வளவு கிடைக்கும் என்பதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். 2011 ஏப்ரலில் ஏப்னிக்கின் இருப்பு 103-இல் தொடங்கும் கடைசிப் பெரிய தொகுதிக்கு இறங்கியபோது ஆளுக்கு /22, அதாவது 1024 முகவரி என்று ரேஷன் வைத்தார்கள். 2019 பிப்ரவரி இறுதியில் அதையும் பாதியாக்கி /23 ஆக்கினார்கள் (சாய்கோட்டுக்குப் பின் எண் ஒன்று கூடினால் தொகுதி பாதியாகும்). 512. லட்சம் வாடிக்கையாளர் வைத்திருந்தாலும் புதிதாக வருபவருக்கு உச்சவரம்பு அதுதான். தீர்ந்துபோனால் மறுபடி போய் நிற்க முடியாது. பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம், இலையில் விழுந்ததை வைத்துச் சாப்பிட வேண்டியதுதான். விண்ணப்பம் போடுவது ஒரு வார வேலை. இந்த 512-ஐ எப்படிச் செலவழிக்கப் போகிறீர்கள் என்பதற்குத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

விண்ணப்பத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கம்பெனிப் பதிவு, ஐஎஸ்பி லைசென்ஸ், கையெழுத்துப் போடுபவரின் அடையாளச் சான்று, நெட்வொர்க் வரைபடம், முகவரிப் பயன்பாட்டுத் திட்டம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். ஒரு /24, அதாவது 256 முகவரி, உடனடியாகத் தேவை என்பதையும், முழு /23-ஐயும் ஒரு வருடத்துக்குள் எப்படிப் பயன்படுத்துவீர்கள் என்பதையும் காட்ட வேண்டும். முதல் தடவை நான் வரைபடத்தில் ஒரு மேகம், ஒரு ரூட்டர், ஒரு கோடு என்று போட்டு அனுப்பி, கேள்வியோடு திரும்பி வந்தது. இரண்டாம் தடவை எந்த ஊரில் எத்தனை ஓஎல்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை வீடு, எத்தனை ஸ்டாட்டிக் ஐபி, சர்வருக்கு எத்தனை என்று அட்டவணை போட்டேன். எந்தத் தொந்தரவும் இல்லாமல் போய்விட்டது. அதே விண்ணப்பத்தில், இணையத்தில் உங்கள் நெட்வொர்க்குக்கு அடையாளமாகும் ஏஎஸ் எண்ணும் கேட்டுவிடுங்கள். இரண்டு அப்ஸ்ட்ரீம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அதுவே நல்ல காரணம். புது வகை முகவரியான ஐபிவி6-உம் கேளுங்கள், அதற்குப் பின்னால் வருகிறேன்.

இன்னொரு பெயரில் கம்பெனி தொடங்கி இன்னொரு 512 வாங்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். பொய்யான தகவல் கொடுத்து வாங்கியது தெரிந்தால் திரும்பப் பிடுங்கிக்கொள்ளக் கொள்கையிலேயே இடமிருக்கிறது. இது மனைக்கட்டு மாதிரி பட்டா போட்டுக் கொடுப்பதில்லை, தேவைக்குப் பயன்படுத்தத் தருவது. 103-இல் கிடைத்ததை ஐந்து வருடத்துக்கு வேறொருவருக்கு மாற்றவும் முடியாது.

சரி, பங்கு போடுவதற்கு வருவோம். இந்த முகவரிகள் என்னிடம் என்று நீங்கள் இணையத்துக்கு அறிவிக்கும்போது, உலகத்தின் மற்ற ரூட்டர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்ளும் மிகச் சின்னத் துண்டு /24. அதனால் உங்கள் கையில் இருப்பது 512 காசு என்று நினைக்காதீர்கள், இரண்டே இரண்டு நோட்டு. இரண்டு ஊரில் இரண்டு அப்ஸ்ட்ரீம் என்றால் ஊருக்கு ஒரு /24. நான்கு ஊர் என்று இழுத்தால் நடுவில் சொந்த லிங்க் இல்லாமல் முடியாது.

வீட்டு இணைப்பு எதற்கும் தனி முகவரி கொடுக்காதீர்கள். உள்ளே 100.64-இல் தொடங்கும் முகவரி கொடுத்து வெளியே சிஜிநாட் (ஒரே பொது முகவரியைப் பல வீட்டுக்குப் பகிரும் ஏற்பாடு) வைத்துப் பகிருங்கள். இதற்கென்றே ஒதுக்கிய தொகுதி அது. 192.168-ஐயோ 10-இல் தொடங்குவதையோ எடுத்தால் வாடிக்கையாளர் வீட்டு ரூட்டரோடு மோதக்கூடும். கணக்கு எளிது: ஒரு பொது முகவரிக்கு ஏறக்குறைய 64,500 போர்ட் (ஒரு முகவரிக்குள் ஒவ்வொரு தொடர்பையும் பிரித்துக் காட்டும் எண்) தேறும், வீட்டுக்கு 1000 போர்ட் என்று வைத்தால் ஒரு முகவரியில் 64 வீடு. 1800 வீட்டுக்கு 29 முகவரி போதும், 32 என்று ஒதுக்கிவிடுங்கள். சிலர் 250 போர்ட் கொடுத்து மிச்சம் பிடிப்பார்கள். நான்கு செல்போனும் ஒரு டிவியும் இருக்கும் வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்குப் பாதிப் படம் வராது, கேம் ஆடும் பையன் கஸ்டமர் கேரைக் கிழித்துவிடுவான்.

போர்ட்டை இன்ன வீட்டுக்கு இன்ன வரம்பு என்று நிலையாகப் பிரித்து வைப்பது நல்லது. காரணம் லாக், அதாவது யார் எப்போது எந்த முகவரியில் இருந்தார் என்ற பதிவு. இந்த முகவரி இந்த நேரத்தில் யாரிடம் இருந்தது என்று போலீஸ் கேட்டால், போர்ட் எண் இல்லாமல் 64 வீட்டையும்தான் கைகாட்ட முடியும். லைசென்ஸ்படி இந்தப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்கவும் வேண்டும். நிலையான வரம்பு என்றால் ஒரு அட்டவணையில் முடிந்தது. ஒவ்வொரு இணைப்பையும் எழுதிக்கொண்டிருந்தால் ஹார்ட் டிஸ்க் வாங்கியே சொத்து கரைந்துவிடும். மீதி முகவரிகளை ஸ்டாட்டிக் ஐபி கேட்கும் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக்கு மாத வாடகைக்கு விடுங்கள். சும்மா கொடுக்காதீர்கள். சும்மா கொடுத்ததை எவரும் திருப்பித் தருவதில்லை.

முகவரி வந்ததும் ரோவா போட மறக்க வேண்டாம். இந்தத் தொகுதியை இந்த ஏஎஸ் எண்தான் அறிவிக்கலாம் என்று கையொப்பமிட்ட சீட்டு அது. நான் /23-க்கு மட்டும் ரோவா போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். ஒரு ராத்திரி பாரத்தைப் பிரிப்பதற்காக இரண்டு /24-ஆக அறிவித்தேன். சில தளம் திறக்கிறது, சில தளம் திறக்கவில்லை. பிங் போகிறது, பேங்க் ஆப் போகவில்லை. கேபிளைச் சந்தேகப்பட்டு, ரூட்டரைச் சந்தேகப்பட்டு, இரண்டரை மணிக்குத்தான் உறைத்தது: ரோவாவில் /24 இல்லை, அதனால் சரிபார்க்கும் பெரிய நெட்வொர்க்குகள் எல்லாம் என் அறிவிப்பைப் போலி என்று தள்ளிவிட்டன. எதையெல்லாம் அறிவிக்கிறீர்களோ அதற்கெல்லாம் போடுங்கள், அறிவிக்காததற்குப் போடாதீர்கள்.

இப்போது ஐபிவி6. இங்கே பஞ்சமே இல்லை. ஐஎஸ்பிக்கு /32 தருகிறார்கள். ஊருக்கு ஒரு /40 என்று பிரித்தால் 256 ஊர், ஒவ்வொரு ஊரிலும் வீட்டுக்கு /56 கொடுத்தால் 65,536 வீடு. ஐபிவி4-இல் பழகிய கஞ்சத்தனத்தில் வீட்டுக்கு ஒற்றை /64 கொடுக்காதீர்கள், உள்ளே இன்னொரு ரூட்டர் போட்டால் அவர்களுக்குப் பிரிக்க இடமிருக்காது. யூடியூப், ஃபேஸ்புக் எல்லாம் ஐபிவி6-இல் ஓடுபவை, அதை இயக்கியதுமே சிஜிநாட் பெட்டியின் பாரம் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் வீட்டில் மாட்டும் ஃபைபர் பெட்டியான ஓஎன்யுவில் இது அணைத்தே வருவது உண்டு. புது இணைப்பு கொடுக்கப் போகும் பையனிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள், பிறகு ஒவ்வொரு வீடாகப் போய் இயக்குவது நடக்காத காரியம்.

512 போதவில்லை என்றால் சந்தையில் வாங்கலாம். குறைந்தது /24, அதற்கும் தேவையைக் காட்ட வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் அந்தத் தொகுதி ஸ்பேம் பட்டியல்களில் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த நாட்டு முகவரியாகக் காட்டுகிறது என்றும் பாருங்கள், இல்லையென்றால் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தவருக்கு "உங்கள் நாட்டில் கிடைக்காது" என்று வரும்.

அப்புறம் பதிவகத்தில் கொடுக்கும் மின்னஞ்சல். வேலை பார்க்கும் பையனின் சொந்த ஜிமெயிலைக் கொடுத்துவிடாதீர்கள். ஆண்டுக் கட்டண நினைவூட்டல், முறைகேட்டுப் புகார் எல்லாம் அங்கேதான் வரும். கட்டணம் நின்றால் முகவரியும் போய்விடும், அவன் வேறு கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருக்கும்.