புதுச்சேரி, கடலூர் வருவோருக்கு: பேருந்தில் ஏறும் முன்

பாரிஸ் புறநகரில் 1993 முதல் தனித்தடத்தில் ஓடும் திரான்ஸ்-வால்-தெ-மார்ன் பேருந்திலோ, டொரொன்டோவுக்கு வடக்கே யார்க் வட்டாரத்தின் விவா பேருந்திலோ அன்றாடம் போய்வருவோர், அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்பதைப் பலகையில் பார்த்து ஏறிப் பழகியவர்கள். புதுச்சேரியிலும் கடலூரிலும் அத்தகைய தனித்தடம் கிடையாது. அரசுப் பேருந்து, தனியார் பேருந்து, ஆட்டோ, மணல் லாரி எல்லாம் ஒரே சாலையில்தான் போக வேண்டும். ஆகவே இங்கே தொலைவை வைத்து நேரத்தைக் கணக்கிடக் கூடாது.

சென்னை விமான நிலையத்தில் இறங்குவோர் பழைய நினைவில் கோயம்பேட்டுக்குப் போக வேண்டியதில்லை. திண்டிவனம் வழியாகச் செல்லும் பேருந்துகளுக்கு, 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையமே வசதியானது. அது விமான நிலையத்துக்குத் தெற்கே, அதே ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. மாமல்லபுரம், மரக்காணம் வழியாக வர விரும்பினால் திருவான்மியூரில் ஏறலாம். எங்கே ஏறினாலும் நடத்துநரிடம் “பைபாஸா, ஈ.சி.ஆரா?” (அதாவது திண்டிவனம் வழியா, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியா) என்று கேட்டுவிட்டு ஏறுவது நல்லது. இரண்டு பெரிய பெட்டிகளோடு வருவோருக்குப் பேருந்தே வேண்டாம், வாடகைக் கார் பிடியுங்கள் என்பதே என் கருத்து.

புதுச்சேரியிலிருந்து கடலூர் ஏறத்தாழ 22 கிலோமீட்டர்தான். தனியார் பேருந்துகள் அடுத்தடுத்துப் புறப்படும் தடம் இது. நடத்துநர் படிக்கட்டில் நின்று “கடலூர், கடலூர்” என்று கூவுவதே இங்கு அறிவிப்புப் பலகை. ஆனால் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று வழியெல்லாம் ஆளை ஏற்றி இறக்குவதால், காலையிலும் மாலையிலும் இந்தச் சிறு தொலைவுக்கே பொறுமை வேண்டும். சீட்டு வண்டிக்குள்தான் தருவார்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் முகம் சுளிப்பார்கள் என்பதால் சில்லறை கையில் இருக்கட்டும். தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணம் இல்லை. அச்சலுகை தனியார் பேருந்துகளுக்குப் பொருந்தாது.

இறங்கும் இடத்தையும் சீட்டு வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியதும் முதலில் வருவது மஞ்சக்குப்பம். கடலூர்ப் பேருந்து நிலையம் அதற்கும் அப்பால் திருப்பாதிரிப்புலியூரில், அப்பெயர் கொண்ட ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ளது. உறவினர் வீடு ‘ஓ.டி.’யில், அதாவது பழைய நகரத்தில் இருந்தால், அங்கிருந்து நகரப் பேருந்தோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும்.